பெரிய ட்ரம் கௌசல்யா

"பரேட், தம்" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன். அணிவகுப்பில் 'நில்' என்பதற்கு இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்குப் பின்னால் வந்த பதினான்கு பெண்களில் பதின்மூன்று பேர் ஒரே அடியில் நின்றார்கள். கடைசி வரிசையின் ஓரத்தில் பெரிய ட்ரம் வாசித்துக்கொண்டிருந்த கௌசல்யா மட்டும் நிற்கவில்லை. தரையைப் பார்த்தபடி, டம், டம் என்று அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். கேன்டீன் வாசலைக் கடந்தாள். சைக்கிள் ஷெட்டின் இரும்புத் தூண் எதிரே வந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று கண்டு திரும்பிப் பார்த்தாள்.

மைதானம் முழுவதும் சிரித்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் எடுக்க வந்த ஆண்கள் கைதட்டினார்கள். தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் அவளுடன் வேலை செய்த யாதகிரி, "கௌசல்யம்மா சார்மினார் வரைக்கும் போய் வராங்க, யாராவது டிபன் கட்டிக் குடுங்க" என்று தெலுங்கில் சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

கௌசல்யாவும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து ஓயும் நேரத்தில் அவள் சிரிப்பு தொடங்கியது. அதை நான் கவனித்தேனா என்றால், கவனித்தேன், யோசிக்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்த வாரக் கதையை எழுத முடியாது.

கேன்டீனில் பிறந்த பாண்டு

செப்புக் கம்பியைச் சுருளாக்கும் 'காயில்' சுற்றும் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்ததைச் சென்ற வாரம் சொன்னேன். ஹப்சிகுடாவைத் தாண்டி, அப்போது பாறையும் புதருமாகக் கிடந்த இடத்தில், மின்சார மீட்டர் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை. எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் கேட்டால் சரியாகச் சொல்ல வராது. அந்த வருடம் மழை முன்கூட்டியே வந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ட்ரம் தோல் ஈரத்தில் தொய்ந்துபோய், கேன்டீன் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சிக் காய்ச்சி எடுப்போம். தோல் சூடாகும்போது வரும் ஆட்டு வாடையும் சாம்பார் வாசனையும் கலந்துதான் எனக்கு பாண்டு என்ற சொல்லே ஞாபகம் வருகிறது.

அதற்கு முன்பு எங்களிடம் ஆண்கள் பாண்டு ஒன்று இருந்தது. காவல் பிரிவைச் சேர்ந்தவர்கள் வாசித்தார்கள். வேறு ஊரில் புது யூனிட் தொடங்கியபோது அவர்களில் பாதிப் பேரை அங்கே மாற்றிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் வாசித்தால் மாப்பிள்ளை ஊர்வலம் மழையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

நகரத்தில் இருந்த பொதுத்துறைத் தொழிற்சாலைகள் சேர்ந்து ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி நடத்தின. தொடக்க நாளில் ஒவ்வொரு தொழிற்சாலையின் ஆட்டக்காரர்களும் தங்கள் பாண்டின் பின்னால் அணிவகுத்து வருவார்கள். பாண்டு இல்லாதவர்கள் எல்லோருக்கும் கடைசியில், அடுத்தவர் தாளத்துக்கு நடக்க வேண்டும். எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் வெங்கட்ராவ் கேன்டீனில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"எங்ககிட்ட குடுங்க சார், நாங்க வாசிக்கோம்" என்றாள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா எனக்கு அடுத்த மேஜையில் காயில் சுற்றுபவள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். வீட்டில் நாகர்கோவில் தமிழ். ராவிடம் கேட்டதை அவள் தெலுங்கில்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய தெலுங்கிலும் நாகர்கோவில் இருக்கும். பள்ளிக்கூட பாண்டில் சைடு ட்ரம் வாசித்தவள் என்பதால் அவளுக்கு அந்தத் தைரியம்.

ராவ் சிரித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: பெண்கள் பாண்டுக்குப் பெயர் கொடுக்கலாம்.

என் உயரம்

பதினைந்து பேர் சேர்ந்தோம். ஆறு புல்லாங்குழல், ஐந்து சைடு ட்ரம், ஒரு ஜால்ரா ஜோடி, ஒரு முக்கோண மணி, ஒரு பெரிய ட்ரம். பதினைந்தாவது ஆள் நான். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையிலேயே உயரமான பெண் நான்தான். கல்யாணத்துக்குத் தடையாக இருக்கிறது என்று அம்மா கவலைப்பட்ட அந்த உயரத்தைப் பார்த்துத்தான் ஸ்டெல்லா என் கையில் கோலைக் கொடுத்தாள். பாண்டுக்கு முன்னால் ஒருவர் வெள்ளிப் பூண் போட்ட நீளக் கோலை ஏற்றி இறக்கிக்கொண்டு நடப்பாரே, அந்த வேலை. கோலின் அசைவைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர்கள் தொடங்குவதும் நிறுத்துவதும்.

அம்மா திருச்சிக்காரி. "பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என்னன்னு சொல்றது? கோலாட்டம்னா சொல்றது?" என்று கேட்டாள்.

அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லாலாகுடாவிலிருந்து என்னைச் சைக்கிளில் முன்கம்பியில் உட்காரவைத்து செகந்தராபாத் பரேட் மைதானத்துக்கு அழைத்துப் போவார். கண்டோன்மென்ட் பட்டாளத்தின் பாண்டு அங்கே பயிற்சி செய்யும். பெரிய ட்ரம் அடிக்கிறவர் தோளில் புலித்தோல் போர்த்தியிருப்பார். "இந்த வெயில்ல அந்தத் தோலுக்குள்ள என்னமா வேகும் அவருக்கு" என்பது அப்பாவின் ஒரே விமர்சனம். வேர்க்கடலை வாங்கித் தருவார். திரும்பி வரும்போது பெடலை அந்தத் தாளத்துக்கு மிதிப்பார். ஏற்றத்தில் தாளம் தப்பும்.

கோலை வீட்டுக்கு எடுத்து வந்த அன்று அப்பா அதன் பூணில் இருந்த கறையைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய பனியன் துணியும் பாலிஷும் எடுத்து வந்து உட்கார்ந்தார். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

யாரும் தொடாத ட்ரம்

பெரிய ட்ரம்மை எடுக்க ஆள் இல்லை. கனம். தூக்கினால் முகவாய் வரைக்கும் வரும். புடவை முந்தானை வாரில் மாட்டிக் கசங்கும். எல்லோரும் புல்லாங்குழலையே பார்த்தார்கள்.

கௌசல்யா நேராக வந்து அதைத் தூக்கி மாட்டிக்கொண்டாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது என்னவோ அவள் என்றே வருகிறது. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், ஆனால் தாத்தா காலத்திலேயே போவன்பள்ளிக்கு வந்துவிட்ட குடும்பம். கணவர் எங்கள் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து மிதியை மிதித்தால் பிரஸ் இறங்கி வெட்டும். நாளெல்லாம் அந்தச் சத்தம். அங்கே இருந்த ஒரே பெண் அவள்.

"கனமா இல்லியாக்கா?" என்றேன்.

என் வாயையே பார்த்திருந்துவிட்டு, "இது இன்னா கனம்? தண்ணிக் கொடத்த வுட லேசு" என்றாள்.

கணவர் போன பிறகு அவள் வெளிர்நிறப் புடவைதான் உடுத்துவாள். பாண்டு சீருடை கருநீலத்தில் சிவப்புக் கரை. மாமியார் வீட்டில் ஏதோ சொன்னார்கள் என்று கேள்விப்பட்டோம். சீருடை கொடுத்த மறுநாள் அதைக் கஞ்சி போட்டு, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, சாக்பீஸ் குழைத்து வெளுத்த கான்வாஸ் ஷூவுடன் முதல் ஆளாக வந்து நின்றாள். 

குழாயடியில்

அவள் சைக்கிள் ஷெட் வரை நடந்துபோன மறுநாள். பயிற்சி நேரம் மாறியிருப்பதைச் சொல்ல பிரஸ் ஷாப்புக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் பல்லில் ஏறியது. பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும் என்று காத்திருந்தேன்.

டீ மணி அடித்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். அவள் தகடுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு கை தூரத்தில் நின்று, "கௌசல்யாக்கா" என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை கத்தினேன்.

தோளைத் தொட்டபோது துள்ளி எழுந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டதென்று.

கையைப் பிடித்து வெளியே குழாயடிக்கு இழுத்துப் போனாள். கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கு என் மணிக்கட்டில் ஒட்டியது.

"எத்தினி நாளா தெரியும் ஒனக்கு?"

"இப்பதான்கா. முழுசாவே கேக்கலியா?"

"ஒரு காது சுத்தமா பூட்ச்சி. இன்னொண்ணு, எதிர்ல நின்னு பேசுனா, வாயப் பாத்துகினா புரியும். பின்னால இருந்து கூப்ட்டா நக்கோ, கேக்கவே கேக்காது." குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வந்து ரெண்டு வருசத்துல ஆரம்பிச்சிது. மிசின் நின்னாலும் காதுக்குள்ள ங்கொய்ங்னு ஓடிகினே கீது. ராத்திரி தூக்கம் வராது."

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"காட்டுனா? அன்ஃபிட்டுனு எழுதுவாரு. வேல போச்சு, கோட்டர்ஸ் போச்சு. வசந்தா, எம் பொண்ணு அஞ்சாங்கிளாஸ்தான் படிக்குது. அதக் கூட்டினு எங்க போறது? யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்றேன். பிறகு மனதில் இருந்ததைக் கேட்டேன். "அப்ப ட்ரம் எப்படிக்கா அடிக்கிறீங்க? ஒரு நாளும் தாளம் தப்பலியே."

என் உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்செலும்பில் வைத்தாள். "இங்க இடிக்குது. கால் வழியா ஏறுது. மத்தவங்க வாசிக்கிறது எனக்கு எதுவும் தெரியாது. நான் நடக்கிறேன், அடிக்கிறேன், அவ்ளோதான்." குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்: "நாள் பூரா அந்த மிசின் சத்தம்தான் காதுக்குள்ள. ட்ரம் அடிக்கிற நேரம்தான் அது ஓயுது. அதுக்குத்தான் வந்தேன்."

ஒரு கல்யாணத்தில்

இந்த இடத்தில் ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பாண்டில் புல்லாங்குழல் வாசித்த நஸ்னீனின் அண்ணனுக்கு பார்க்கஸ் பக்கத்தில் திருமணம். பாண்டு முழுவதும் போனோம். ஹைதராபாத் கல்யாணங்களில் மர்ஃபா அடிப்பார்கள். அரபு நாட்டிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் நிஜாம் படைக்கு வந்தவர்களின் வம்சத்தார் அடிக்கும் மேளம் அது. அரிசியும் இறைச்சியும் மணக்கும் சந்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று அடித்தார்கள்; கிழவர்களெல்லாம் கையில் குச்சியுடன் ஆட இறங்கினார்கள்.

நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினோம். கௌசல்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேளக்காரர்களுக்கு ஓரடி தூரம் வரை போய் நின்றாள். வலது கையை நெஞ்சில் வைத்திருந்தாள். சத்தமில்லாமல் உதடுகளை மட்டும் அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அவளை அப்படி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இந்த அக்காவுக்குக் காது செவிடாயிராதா? இப்படிப் போயி நிக்கிதாவ" என்றாள் ஸ்டெல்லா.

நான் பிரியாணித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சண்டை

மறு வாரம், பெரிய ட்ரம் இனி எனக்கு நேர் பின்னால் வர வேண்டும் என்று சொன்னேன். கௌசல்யா கோலைப் பார்த்தால் போதும், குரல் கேட்க வேண்டியதில்லை. கோலைப் பக்கவாட்டில் நீட்டினால் நிற்க வேண்டும், இரண்டு முறை உயர்த்தினால் தொடங்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸ் பின்புறம் வைத்துப் பழகியிருந்தோம்.

ஸ்டெல்லாவுக்குக் கோபம். "ஏட்டி, பெரிய ட்ரம்ம முன்னால கொண்டாந்தா எங்க சைடு ட்ரம் எங்க நிக்கும்? எந்த பாண்டுலட்டி இப்படி வச்சிருக்காவ?"

"பாக்க நல்லா இருக்கும்" என்றேன்.

"பாக்கவா பாண்டு வாசிக்கோம்? அன்னைக்கு அந்த அக்கா தனியா நடந்து போச்சே, அதுக்குப் பெறவும் அதையே தூக்கி முன்னால வைக்கே. வேற ஆளப் போடு."

"போட முடியாது."

"என்னமோ மறைக்கே."

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. பக்கத்து மேஜையில் காயில் சுற்றிக்கொண்டே பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, அப்படி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ என்று எனக்கும் பயம் வந்தது. ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் கௌசல்யா ஒருமுறை கோலைப் பார்க்கத் தவறினால் போதும். விசாரிப்பார்கள். வேலை போகும். அதற்கு நானும் ஒரு காரணமாவேன்.

கடைசிப் பயிற்சிக்கு முதல்நாள் ஸ்டெல்லாவே வந்தாள். "சரி, முன்னால வரட்டும். நீ காரணம் இல்லாம பிடிவாதம் பிடிக்கிறவ இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு முறை கேட்ட தாளம்

போட்டியின் தொடக்க நாள். நகரத்துப் பெரிய ஸ்டேடியம். காலை மழை நின்று வெயில் வந்திருந்தது. நனைந்த புல்லின் வாடை, சுண்ணாம்புக் கோட்டின் வாடை, யாரோ உரித்த சாத்துக்குடியின் வாடை. நான்கு பக்கமும் சிமெண்டுப் படிகள், அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் போனது வேறொரு தொழிற்சாலையின் ஆண்கள் பாண்டு. முப்பது பேர், பளபளக்கும் பித்தளைக் குழல்கள். மேடையை நெருங்கும்போது அவர்கள் நடை குலைவதை நுழைவாயிலிலிருந்து பார்த்தோம். சிலர் இடது காலில், சிலர் வலது காலில். பின்னால் வந்த ஆட்டக்காரர்கள் குதித்துக் குதித்துக் காலை மாற்றினார்கள். படிகளில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இவ்வளவு பெரிய பாண்டுக்கு என்னட்டி வந்துது?" என்றாள் ஸ்டெல்லா.

உள்ளே போன பிறகுதான் புரிந்தது. மைதானத்தின் பாதியைத் தாண்டியதும் ஒவ்வொரு அடியும் எனக்கு இரண்டு முறை கேட்டது. பின்னாலிருந்து ஒரு டம். எதிர்ப் படிகளில் மோதித் திரும்பி வந்து இன்னொரு டம். நடக்க நடக்க இரண்டுக்கும் இடைவெளி மாறிக்கொண்டே வந்தது. எது நம்முடையது, எது திரும்பி வந்தது என்று தெரியவில்லை. ஸ்டெல்லாவின் சைடு ட்ரம் முந்துவது கேட்டது. புல்லாங்குழல்கள் பிந்தின. என் கோல் எதிரொலிக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. எனக்கே அது தெரிந்தது, திருத்திக்கொள்ளத் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் எண்பது ஆட்டக்காரர்கள். மேடைக்கு ஐம்பது அடிதான் இருந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் கௌசல்யாவின் குரல் வந்தது. தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று தெரியாதவர்கள் கத்தும் சத்தம் அது.

"வசந்தா, கோல ஆட்டாத. நெஞ்சோட புடி."

இவ்வளவு நாள் என் கோலைப் பார்த்து நடந்தவள். அது தப்பு என்று கண்ணால் கண்டதும் அதை விட்டுவிட்டாள். அவள் அடி ஒரு மயிரிழையும் மாறவில்லை. நான் கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். காதில் கேட்பதை நம்பாமல் முதுகில் வந்து இடிப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு அடியில் கால் சரியாகிவிட்டது.

பின்னால் நடந்ததை ஸ்டெல்லா பிறகு சொன்னாள். கௌசல்யா ட்ரம் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி அடித்தாளாம். உருண்டை முனை போட்ட அந்தக் குச்சி வெயிலில் ஏறி இறங்குவது கடைசி வரிசை வரை தெரிந்ததாம். எல்லோரும் கேட்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்து வாசித்தார்கள். அவள் முன்னால் நின்றதால்தான் அது முடிந்தது.

மேடைக்கு எதிரே 'தாஹினே தேக்' சொன்னேன். பதினைந்து தலைகளும் வலது பக்கம் திரும்பின. பின்னால் எண்பது தலைகள். ஒரு கால் பிசகவில்லை. படிகளில் எழுந்த கைதட்டலும் இரண்டு முறை கேட்டது.

பாண்டுக்கான பரிசு வேறு தொழிற்சாலைக்குப் போனது. அவர்கள் ராணுவத்தில் பயின்றவர்கள், எதிரொலியையும் அறிந்தவர்கள். எங்களுக்கு வருத்தமில்லை.

பஸ்ஸில்

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஸ்டெல்லா முன்சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பி உட்கார்ந்து, "எக்கா, அந்த எதிரொலியில எங்க எல்லாருக்கும் புத்தி கலங்கிப்போச்சு. நீங்க மட்டும் எப்படிக்கா அசையல?" என்று கேட்டாள்.

கௌசல்யா அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பில் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: "எதிரொலியா? எந்த எதிரொலி?"

 ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லோருக்கும் புரிந்தது. சைக்கிள் ஷெட், கல்யாண மேளம், இடம் மாற்றியது.

கௌசல்யா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்டெல்லா எழுந்து போய் அவள் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள், வாய் தெரியட்டும் என்று.

"வேற ஆளப் போடுன்னு சொன்னது நான்தாம்க்கா. மன்னிச்சிருங்க."

"வுடு" என்றாள் கௌசல்யா. "மேல எடத்துக்குப் போவாம இருந்தா சரி."

ஒருவரும் சொல்லமாட்டோம் என்றோம். தார்நாகா வந்தது. இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "என் ஷாப்புல நான் ஒருத்தின்னு நெனச்சிக்காத. யாரு காதால கேக்குறான், யாரு வாயப் பாத்துக் கேக்குறான்னு எனக்குத் தெரியும். நானும் அதே வேலதான செய்யிறேன். பாதிப் பேரு அங்க என்ன மாரிதான்."

அவள் போட்ட கணக்கு

அடுத்த பத்து நாள் அவள் யோசித்தாள். பயிற்சிக்கு வருவாள், அடிப்பாள், போவாள். பிறகு ஒரு மதியம் கேன்டீனில் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒருத்தி போனா அன்ஃபிட்டு. பாதி ஷாப்பு போனா இன்னா பண்ணுவாங்க? பாதி ஷாப்பையும் வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

"யாருக்கா வருவா? ஆம்பளைங்க ஒத்துக்கவே மாட்டாங்க" என்றேன்.

"ஒருத்தர் மொதல்ல போவணும்."

பாண்டில் இருந்த பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை வேண்டும், வேலையைப் பறிக்கக்கூடாது என்று யூனியன் செயலாளரிடம் ஒரு மனு. அவர் தயங்கினார். வெங்கட்ராவிடம் போனோம். அந்த மனிதரைப் பற்றி நான் கிண்டலாக நிறைய எழுதியிருக்கிறேன். இதையும் எழுத வேண்டும். மனுவைப் படித்துவிட்டுக் கௌசல்யாவைப் பார்த்து, தன் வாயை அவள் படிக்க வசதியாக மெதுவாகக் கேட்டார்: "ஸ்டேடியத்தில் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது நீங்கள்தானே?" காகிதத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு மேலே போனார்.

முடிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். கௌசல்யாவை மீட்டர்களைச் சோதிக்கும் பிரிவுக்கு, அதே சம்பளத்தில், சத்தமில்லாத அறைக்கு மாற்றினார்கள். வேறு சிலரையும் மாற்றினார்கள். சில மாதத்தில் பிரஸ் ஷாப்புக்குக் காதை மூடும் உறைகள் வந்தன. போன காது திரும்பவில்லை. மிச்சம் இருந்தது போகாமல் நின்றது. அவள் மகள் அந்தக் குவார்ட்டர்ஸிலிருந்தே படித்துக் கல்லூரிக்குப் போனாள். கௌசல்யா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எங்கள் பாண்டில் பெரிய ட்ரம் வாசித்தாள்.

ஆனால் இதெல்லாம் நடக்கும் என்று, காதுப் பரிசோதனை நடந்த அந்த முதல் நாள் காலையில் யாருக்கும் தெரியாது.

தொழிற்சாலை மருத்துவமனை நடையில் பிரஸ் ஷாப் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். டெட்டால் வாடை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரிடம் தனக்கு ஒன்றுமில்லை, சும்மா பெயருக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கௌசல்யா முதல் ஆளாக உள்ளே போய்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் சிலர் அவளுடன் இருந்தோம்.

யாதகிரி வரிசையை விட்டு வந்தார். பருத்த உடம்பு, பெரிய மீசை. அவள் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி ஏதோ முணுமுணுத்தார். மீசை வாயை மறைத்தது.

கௌசல்யா எழுந்து நின்றாள். மூன்று வருடமாக அவள் ஷாப்பில் மறைத்து வந்ததை அந்த நடை முழுக்கக் கேட்கும்படி தெலுங்கில் சொன்னாள்:

"சத்தமா சொல்லுங்கண்ணா. எனக்குக் காது கேக்காது."

 யாதகிரி சுற்றிலும் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரும் சத்தமாகச் சொன்னார்:

"எனக்கும் இடது காது கேக்கலம்மா. உள்ள என்ன செய்வாங்க? வலிக்குமா?"

"வலிக்காது" என்றாள் கௌசல்யா. "வாங்க, நான் கூட வரேன்."